மரிசெல் கூட்டிக்கொண்டு வந்த ஆள்

போன கிழமை தேருக்குத் தேங்காய் உடைத்த கதையை வாசித்துவிட்டு இரண்டு பேர் கடைக்கே வந்தார்கள். "அக்கா, எல்லாரையும் பற்றி எழுதுறியள். உங்கடை லண்டன் அண்ணையைப் பற்றி ஒரு வரி காணேல்லையே?" என்று கேட்டார்கள்.

எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அண்ணையின் கதையை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இந்த ஆவணிக்குப் பிறகு தெரியும்.

இரண்டு தேத்தண்ணி

அன்று சனிக்கிழமை. மத்தியானச் சனம் கலைந்து, கடையில் இரண்டு மேசைதான் ஆட்கள். பரீசின் லா சப்பல் தெருவில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. இவர், என் மனுசன், பின்னுக்கு நின்று ரொட்டிக்கு மா குழைத்தார். மகள் சுகன்யா தன் கந்தோர் வேலைக்கு விடுமுறை என்றபடியால் கல்லாவில் இருந்தாள்.

வாசலில் ஒரு சின்ன உருவம் வந்து நின்றது. கட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர். வெள்ளைச் சப்பாத்து. கழுத்தில் நீலத் துணி கட்டியிருந்தா. லூர்து மாதாவிடம் பஸ்ஸில் போகிறவர்கள் கூட்டத்தில் தொலையாமல் இருக்க எல்லாரும் ஒரே நிறத்தில் கட்டுவார்கள், அந்தத் துணி. கடைக்குள் உடனே வரவில்லை. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்னுக்கு நீட்டி, யாரோ வயதுபோனவரைப் படியேற்றுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றா. பிறகுதான் உள்ளே வந்தா.

"அம்மா, மரிசெல் வந்திட்டா" என்று சுகன்யா எழும்பினாள்.

மரிசெல் எங்களைக் கண்டதும் சிரித்தா. ஆனால் கட்டிப்பிடிக்கவில்லை. மூலை மேசைக்குப் போய், இரண்டு கதிரையையும் இழுத்து வைத்து, ஒன்றில் இருந்தா. இரண்டு தேத்தண்ணி கேட்டா. ஒன்றைத் தன் முன்னால் வைத்தா. மற்றதை வெறுங்கதிரைக்கு முன்னால் தள்ளி வைத்தா.

"கூட வந்த ஆள் எங்கை?" என்று இவர் மா ஒட்டின கையோடு எட்டிப் பார்த்தார்.

"வருவினமாக்கும்" என்றேன். பஸ்ஸில் வந்த வேறு யாரோ பின்னால் வருகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

வாறன் வாறன் என்ற மனிதர்

மரிசெல் யார் என்று சொல்லுவதற்கு முதல் அண்ணையைச் சொல்லவேணும்.

அண்ணை எங்கள் குடும்பத்தில் மூத்தவர். லண்டனுக்குப் போய்ப் பெற்றோல் ஷெட்டில் நின்றே காலத்தைப் போக்கினவர். கலியாணம் செய்யவில்லை. கேட்டால் "பாப்பம்" என்பார். பிறகு கேட்கிற வயதும் போய்விட்டது. தனக்கென்று ஒரு வீடு எடுக்கவுமில்லை. எப்போதும் யாராவது ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் மேல்மாடியில் ஓர் அறை.

அந்த வீட்டுக்காரர்கள் ஒருவரும் அண்ணையைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. சமையலறையில் ஒரு கோப்பை, ஒரு கரண்டி. கழுவித் துடைத்து அறைக்கே கொண்டுபோய்விடுவார். படியில் ஏறும்போது சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத மாதிரி இருக்கிற மனிதர்.

எங்களுக்குப் பரீசுக்கு வெளியே பியர்ஃபித்தில் வீடு கிடைத்தபோது ஓர் அறையை அவருக்கென்றே விட்டேன். கட்டில் போட்டேன். தலைமாட்டில் முருகன் படம் வைத்தேன்.

"அண்ணை, இஞ்சை வந்து இருங்கோவன். ஒரு அறை சும்மா கிடக்கு."

"வாறன் பிள்ளை, வாறன். இந்தக் குளிர் போகட்டும்."

குளிர் போனால் கோடை வெக்கை போகட்டும் என்பார். அது போனால் வேலையிடத்தில் ஆள் இல்லை என்பார். இவர் பகிடி விடுவார்: "உன்ரை கொண்ணைக்கு ஏத்த காலநிலை பிரான்சிலை இன்னும் வரேல்லை."

ஞாயிறு தவறாமல் போன் எடுப்பார். வன்னியில் எல்லாம் முடிந்த அந்த வைகாசியில் மட்டும் ஒவ்வொரு நாளும் எடுத்தார். 

வெள்ளைச் சப்பாத்துச் சனம்

அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு அண்ணைக்கு நெஞ்சில் ஒப்பரேசன். நான் பஸ் பிடித்து, கப்பலேறி, லண்டன் போனேன். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரத் தாதிமார் நிற்பார்கள் என்று நினைத்துப் போன எனக்கு ஆச்சரியம். அந்த வாட்டுத் தாதிமாரில் முக்கால்வாசிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்.

பரீசிலும் பிலிப்பைன்ஸ் சனம் இருக்கிறது. பணக்காரர் பகுதியில் பிள்ளை பார்க்கிறவர்களும் வீடு துப்புரவாக்குகிறவர்களும்தான் கூட. லண்டனிலோ அவர்கள் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் நிறைந்து நிற்கிறார்கள். "இந்தச் சனம் ஒரு நாள் லீவு எடுத்தா இங்கிலாந்துக்காரர் எல்லாரும் படுக்கையிலையே கிடக்க வேண்டியதுதான்" என்று அண்ணை சொல்வார்.

மரிசெல் அந்த வாட்டில்தான் நின்றா. அண்ணையை "குயா" என்று கூப்பிடுவா. அவர்களுடைய பாஷையில் குயா என்றால் அண்ணை. என்னை "ஆத்தே" என்றா. அக்கா என்று அர்த்தமாம். எங்களைப்போல அந்தச் சனமும் வயதுக்கு மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாது. எனக்கு அது மனதுக்குப் பிடித்துப்போனது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். ஒரு காலைநேரம் மரிசெலைப் பார்த்து, "எனக்கு இங்கிலீஷ்காரத் தாதிதான் வேணும்" என்று கத்தினார். மரிசெல் கோபிக்கவில்லை. "அவ வந்துகொண்டிருக்கிறா ஐயா. அவ வாறதுக்கிடையிலை நான் உங்களை ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்கிறன்" என்று சொல்லித் திருப்பி, முதுகு துடைத்து, உடுப்பு மாற்றிவிட்டுப் போனா. கிழவர் நித்திரையாகிவிட்டார். அண்ணைக்குத் தையல் போட்ட நெஞ்சு. சிரிக்கவும் முடியாமல், அடக்கவும் முடியாமல் தலையணையை நெஞ்சோடு அமத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

ஒருநாள் மரிசெல் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அவவும் ரோசா என்ற இன்னொரு தாதியும் சேர்ந்து இருந்த வீடு. அறை மூலையில் என் இடுப்பளவு உயரத்தில் ஒரு மட்டைப்பெட்டி. சவர்க்காரம், டின் இறைச்சி, துவாய், சொக்லேற். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, நிரம்பினதும் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்களாம். அந்தப் பெட்டி இல்லாத பிலிப்பைன்ஸ் வீடு லண்டனில் இல்லை என்றா. மரிசெலின் பிள்ளை தாய் இல்லாமல் ஊரில் வளர்ந்து கலியாணமும் கட்டியாயிற்று. தாய் வளர்த்தது அந்தப் பெட்டியால்தான்.

போனுக்குள் கிடந்த அண்ணை

கொரோனா வந்த வசந்தத்தில் அண்ணைக்கு மூச்சு எடுக்க முடியாமல் போனது. அதே ஆஸ்பத்திரி. பிரான்சில் ஊரடங்கு, எங்களுக்கு வீட்டுவாசலைத் தாண்டவே காரணம் சொல்லிக் கடதாசி எழுதவேண்டியிருந்த நேரம். கடல் தாண்டுவது எப்படி?

ஒரு பின்னேரம் சுகன்யாவின் போனுக்கு மரிசெல் வீடியோவில் வந்தா. முகத்தில் கண்ணாடியும் மூடியும். குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தோம். தானே கேட்டு அண்ணையின் பக்கம் வந்ததாகச் சொன்னா. "குயாவுக்கு இனி நேரமில்லை. கதைக்கிறதெண்டால் இப்ப கதையுங்கோ" என்றா.

 தெரிந்த தேவாரத்தைப் பாடினேன். பிறகு சுகன்யாவிடம் கேட்கச் சொன்னேன், ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் விட ஏலுமோ என்று. மரிசெல் சின்னப் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அண்ணையின் சொண்டில் வைத்தா. திருநீறு பூச வேணும், அங்கே திருநீறு ஏது? தண்ணீரைத் தொட்டு நெற்றியில் மூன்று விரலால் இழுக்கச் சொல்லி நான் என் நெற்றியில் செய்து காட்டினேன். மரிசெல் பழக்கதோசத்தில் பெருவிரலால் சிலுவை போட்டுவிட்டா. உடனே "சொறி, சொறி ஆத்தே" என்று துடைத்துவிட்டு மூன்று கோடு இழுத்தா.

"சிலுவை போட்டிட்டாவே" என்று நான் கலங்கினேன்.

"போடட்டும்" என்றார் இவர். "ஆள் ஆரெண்டு கடவுளுக்குத் தெரியாதே?"

கொஞ்ச நேரத்தில் அண்ணை போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் போனில்தான். தகனம் போனில். அண்ணையின் கூட்டாளி ஒருவர் சாம்பலைக் கடற்கரையில் கரைத்து வீடியோ அனுப்பினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயரும் போனில் வந்து மந்திரம் சொன்னார். எல்லாம் செய்தோம். ஆனால் ஒன்றும் செய்யாத மாதிரி இருந்தது. படையல் வைத்துப் பல்கணியில் காகத்துக்குப் போட்டால் காகம் வரும், பார்க்கும், போய்விடும்.

"காகத்துக்கு உன்ரை கத்தரிக்காய்க் கறி பிடிக்கேல்லையாக்கும்" என்று இவர் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்த காலம் முழுக்கப் பிறத்தியார் வீட்டில் இருந்த மனிதர், செத்தும் எங்கே நிற்கிறாரோ என்பதுதான் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும்போதெல்லாம் முருகனிடம் அதைத்தான் கேட்பேன். அண்ணைக்கு ஓர் இடம் காட்டு என்று.

மரிசெல் நத்தாருக்கு நத்தார் சுகன்யாவுக்கு வாழ்த்து அனுப்புவா. இந்த வருடம் வேறுமாதிரி எழுதினா. வேலையிலிருந்து ஓய்வு எடுத்துவிட்டாவாம். ஊரோடு போகிறாவாம். அதற்கு முதல் லூர்துக்கு ஒரு நேர்த்தி. போகிற வழியில் பஸ் பரீசில் ஒரு பொழுது நிற்கும். கட்டாயம் கடைக்கு வரவேணும் என்று எழுதியிருந்தா.

நேரே வீட்டுக்குப் போகக் கூடாது

இனி மூலை மேசைக்கு வருகிறேன்.

மரிசெல் தேத்தண்ணியைக் குடித்தா. மற்றது ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் வரவில்லை. நான் ரோல்ஸும் வடையும் எடுத்து, பஸ்ஸில் சாப்பிட என்று பார்சல் கட்டி நீட்டினேன். மரிசெல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டா. தலையை ஆட்டி மறுத்தா.

எங்கள் சனத்திடம் பார்சலை மறுத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு முகம் சுண்டிப்போனது.

"கோபிக்கவேண்டாமாம் அம்மா" என்று சுகன்யா இடையில் வந்தாள். மரிசெல் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். 

அவர்களுடைய ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். செத்தவீட்டுக்குப் போனால் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் வேறு எங்காவது நிற்கவேணும். ஒரு கடை, ஒரு தேத்தண்ணி, எதுவென்றாலும் சரி. நிற்காமல் போனால் செத்தவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். லண்டனில் இருக்கிற பிலிப்பைன்ஸ் தாதிமாரும் அதை விடவில்லை. வாட்டில் ஒருவர் போய்விட்டால், வேலை முடிந்து போகும்போது பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கோழிப்பொரியல் கடையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போவார்கள்.

எங்களுக்கு இது நேர்மாறு. நாங்கள் செத்தவீட்டிலிருந்து வேறு வீட்டுப் படி மிதியாமல் நேரே போய்த் தலைமுழுகுகிற சனம்.

"அந்தக் கொரோனா நேரம் கோழிக்கடை பூட்டு" என்றா மரிசெல். "வேறை கடைக்குள்ளை போகவும் பயம். ஆருக்கும் வருத்தத்தைக் கொண்டுபோய்க் குடுத்திடுவனோ எண்டு. ஆஸ்பத்திரியிலை எங்களுக்குச் சொன்னதும் அதுதான், வேலை முடிஞ்சால் நேரை வீட்டை போங்கோ எண்டு. குயா போன அண்டைக்கு நான் ஓரிடமும் நிக்காமல் நேரை வீட்டை போனன்."

 பிறகு வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு சொன்னா.

"அவர் என்னோடை வந்திட்டார்."

 இவர் மாவை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அடையாளத்தைக் கண்டவ எண்டு கேள்" என்றார் சுகன்யாவிடம். "சத்தம் கித்தம் கேட்டதாமோ? சாமான் விழுந்ததாமோ?"

"மெ நோன், அப்பா" என்று சுகன்யா பிரெஞ்சில் சினந்தாள். ஆனால் கேட்டாள்.

மரிசெல் யோசித்தா. "ஒண்டுமில்லை. ஒரு சத்தமும் இல்லை. ஒரு தொந்தரவும் இல்லை. யன்னலடிக் கதிரையிலை ஆள் இருக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாத மாதிரி இருப்பார்."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"அது உன்ரை அண்ணைதான்" என்றார் இவர். அவருடைய குரலில் பகிடி இல்லை.

மரிசெல் மிச்சத்தையும் சொன்னா. அண்ணை போன அடுத்த மாதம் அதே கொரோனா வருத்தத்தில் ரோசாவும் போய்விட்டாவாம். கூட வேலை செய்தவர்களில் இன்னும் சிலரும். செத்தவீடு வைக்க முடியவில்லை, சேர்ந்து செபம் சொல்லவும் முடியவில்லை. வேலை முடிந்து வந்தால் இருண்ட வீடு. "அந்த நேரம் குயா இருந்தது எனக்கு உதவி" என்றா. "தேத்தண்ணி போட்டால் ரெண்டாய்ப் போடுவன். வேலையிலை நடந்ததைச் சொல்லுவன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்."

இப்போது வீட்டைத் திருப்பிக் கொடுக்கவேணும். கடைசிப் பெட்டியும் கப்பலில் போய்விட்டது. ஊருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்தான்.

"ஆனால் அங்கை அவருக்கு ஒருத்தரையும் தெரியாது, ஆத்தே. பாஷையும் தெரியாது. வெறும் வீட்டிலை விட்டிட்டுப் போகவும் மனம் வரேல்லை. புதுசாய் வாற ஆக்கள் எப்பிடிப்பட்ட ஆக்களோ. தங்கச்சியிட்டைக் கொண்டுபோய் விடுறன் எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். பஸ்ஸிலையும் பக்கத்துச் சீற்றை ஆருக்கும் குடுக்கேல்லை."

நான் அழுதேன். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், ஆனாலும் அழுதேன். அண்ணை ஒருவருக்கும் பாரமாக இருக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இத்தனை காலமும் காத்திருந்தேனோ தெரியவில்லை.

பார்சலை ஏன் வாங்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒன்றையும் கொண்டுபோகக் கூடாது. எங்களிலும் செத்தவீட்டிலிருந்து ஒன்றும் எடுத்துக்கொண்டு போவதில்லைத்தானே.

கதவடியில்

மரிசெல் எழும்பினா. நானும் எழும்பினேன், மெத்ரோ வாசல்வரை போய் வழியனுப்ப. மரிசெல் என் தோளில் கை வைத்து மெல்ல அமத்தி இருத்திவிட்டா.  அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. செத்தவீட்டில் வீட்டுக்காரர் எழும்பி வந்து வழியனுப்புவதில்லை. போகிறவரும் போயிட்டு வாறன் என்று சொல்லுவதில்லை. அது எங்களிலும் அப்படித்தான்.

வெறுங்கதிரையின் முதுகை இரண்டுதரம் தட்டினா, வாட்டில் நோயாளியைத் தட்டுகிற மாதிரி. பிறகு திரும்பிப் பார்க்காமல் போனா. நீலத் துணி சனத்துக்குள் மறைகிறவரை நான் இருந்த இடத்திலேயே இருந்து பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தால் நாள்தோறும் வருகிற ஒரு பெரியவர் வந்து அந்தக் கதிரையை இழுக்கப் போனார்.

"அண்ணை, அதிலை ஆள் இருக்கு" என்றார் இவர். "இஞ்சாலை வாங்கோ."

"ஆரையும் காணேல்லையே?"

"லண்டனிலையிருந்து வந்தவர். களைச்சுப்போனார்."

பெரியவர் ஒருமாதிரிப் பார்த்துவிட்டு வேறு மேசைக்குப் போனார். நான் ஆறின தேத்தண்ணியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று ஊற்றி வைத்தேன். அண்ணைக்குச் சீனி கொஞ்சம் கூடத்தான் வேணும்.

வெளிச்சம் இருக்கவே கடையைப் பூட்டினோம். பூட்டுமுன் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்கோ அண்ணை" என்றேன். சுகன்யா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தானும் ஒதுங்கி வழிவிட்டாள்.

கார் து நோர் ஸ்ரேசனில் ரயிலெடுத்துப் பியர்ஃபித்தில் இறங்கினோம். ஸ்ரேசனடியில் பாண்கடை திறந்திருந்தது. எங்கள் வழமை, ஒவ்வொரு நாளும் அங்கே நின்று பாண் வாங்கிக்கொண்டு, கடைக்காரனோடு நாலு கதை கதைத்துவிட்டுப் போவதுதான். பழக்கத்தில் கால் அந்தப் பக்கம் திரும்பியது. இவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாண் நாளைக்கு வாங்குவம்" என்றார். "இண்டைக்கு ஓரிடமும் நிக்கவேண்டாம். நேரை வீட்டை போவம்."